உலகத்துக்கு வைத்த பாக்கி

கருப்பையன் உலகத்துக்குத் தர வேண்டியிருந்த பாக்கி ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.

உலகத்துக்கு என்றால் உலகத்துக்கேதான். டீக்கடையில் பாக்கி வைத்தால் கடைக்காரருக்கும் அந்நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கும் தெரியும். வட்டிக்கு வாங்கினால் தெருவுக்குத் தெரியும். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கிப் பிழைக்கும் கருப்பையனுடைய இந்தக் கடன் ஜெர்மனிக்காரனுக்குத் தெரியும், பிரேசில்காரனுக்குத் தெரியும், பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் போர்வைக்குள் படுத்திருப்பவனுக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் கணினியைத் திறந்து, ‘கருப்பையன், போன் முன்பணம், நிலுவை 9,870’ என்று படித்துக்கொள்ளலாம். அழிக்கவும் முடியாது. ஒரே கணக்கை ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஒன்றில் அழித்தால் மற்றதெல்லாம் காட்டிக்கொடுத்துவிடுமாம். அதற்குப் பெயர் பிளாக்செயின். செயின் என்று காதில் விழுந்ததும் எந்த அடகுக்கடை என்று கேட்டவன் கருப்பையன்.

நாற்பத்தேழு வயதில், சமுதாயக் கூடத்து மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன் அவன். தன் பெயரை அச்செழுத்தில் முதன்முதலாகத் தானே படித்தது இந்தக் கடன் கணக்கில்தான். இதற்காகவா முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினோம் என்று ஒரு கணம் இருந்தது. ஆனாலும் பெயரில் ஓர் எழுத்துக்கூட விடாமல் போட்டிருந்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. மனுஷப் புத்தி அப்படி.

கடன் வந்த கதை இது.

பாரதிப்ரியா என்று ஒரு பெண், கடல் படிப்பில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள், போன வருஷம் துறைமுகத்துக்கு வந்தாள். அவளுக்கு வேண்டியது சொறி, படித்தவர்கள் ஜெல்லி மீன் என்பது. வெயில் ஏறுகிற மாதங்களில் வலையில் மீனை விட அதிகமாக ஏறி வந்து உட்காருகிற, கண்ணாடிக் குடை மாதிரியான அந்த வழவழத்த ஜந்து. அதை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். கையால் பிய்த்து எறிய வேண்டும். பிய்க்கிற கை எரியும், தடிக்கும், கொப்புளிக்கும். துறைமுகத்தில் பிய்ப்பது ஆண்கள் இல்லை. மீன் பிரிக்கும் பெண்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது யார் என்று கருப்பையன் கேட்டபோது, டாவோ என்றாள்.

“இந்த வயசுல ஒனக்கு என்னா டாவு?” என்றார் பக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த இக்பால். பாதி ஆயுளைத் துபாயில் விட்டுவிட்டு வந்து ஐஸ் வியாபாரம் பார்ப்பவர். கருப்பையனுக்குக் கூட்டாளி, அறிவுரை சொல்வதற்குக் காசு வாங்காதவர்.

பாரதிப்ரியா சிரித்துவிட்டு விளக்கினாள். “ஊர்ப் பொதுப்பணம் மாதிரி வெச்சுக்குங்கண்ணா. பல நாட்டு ஆளுங்க சேந்து ஒரு பெட்டியில பணம் போட்டிருக்காங்க. எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவுன்னு எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவோம். முடிவு ஆச்சுன்னா பெட்டி தானா தெறந்து குடுத்துரும். தனியா ஒருத்தரு கை வைக்க முடியாது.”

“சாவி யாருகிட்டம்மா?”

“சாவியே கெடையாதுண்ணா. ஓட்டுதான் சாவி.”

“தலைவரு?”

“இல்ல.”

“கணக்குப்புள்ள?”

“கம்ப்யூட்டர்தான்.”

“அப்ப திட்டு வாங்குறது யாரு?” என்றார் இக்பால்.

பாரதிப்ரியா யோசித்தாள். “அது நான்தான் பாய்.”

அந்தச் சங்கத்தில் கடலுக்கென்று ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் காசு போட்டவர்களுக்கும் ஓட்டு உண்டு, வேலை செய்தவர்களுக்கும் ஓட்டு உண்டு. சொறியை உயிரோடு சீசாவில் போட்டு, பிடித்த இடத்தோடு படம் எடுத்து அனுப்பினால் சீசாவுக்கு ஓர் ஓட்டு. கூலியாகச் சின்னத் தொகை, மிச்சத்துக்கு ஓட்டு. அதை டோக்கன் என்றார்கள்.

“விடாத கருப்பு” என்றார் இக்பால். “துபாய்ல எங்கூட ஒரு மலையாளி, இப்புடித்தான் கம்ப்யூட்டர்ல ஏதோ டோக்கன் வாங்கிப் போட்டுட்டுக் கெடந்தான். இப்ப ஊர்ல மூணு மாடி கட்டிட்டான்.”

அந்த மூணு மாடி கருப்பையன் கண்ணுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு அறிவியலுக்காக அவன் உழைத்த உழைப்பு இருக்கிறதே, அது எந்த விஞ்ஞானியும் உழைக்காத உழைப்பு. ஏலம் முடிந்து மற்றவர்கள் டீ குடிக்கப் போனால் இவன் வலையில் குனிந்து சொறி பொறுக்குவான். பட்டினச்சேரிக் கரையில் சொறி ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் சைக்கிளை மிதிப்பான். பழைய பட்டன் போனில் படம் எடுக்க முடியாது என்றதும், சங்கம் ஓட்டுப் போட்டு, பாரதியார் சாலைக் கடை ஒன்றில் அவனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தது. இனாமாக இல்லை, முன்பணமாக. ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது. மூணு மாடி கட்டப் போகிறவனுக்கு அது ஒரு தொகையா?

சீசன் முடிந்தபோது கடல் பிரிவின் மொத்த ஓட்டில் ஏறக்குறைய கால்வாசி கருப்பையன் கையில் இருந்தது. நிலத்தில் ஒரு குழி கிடையாது. படகில் ஒரு பங்கு கிடையாது. சொறியில் மட்டும் அவன் பெரும் பண்ணையார். அப்போதுதான் பாரதிப்ரியா, பேச்சோடு பேச்சாக, அந்த ஓட்டை விற்க முடியாது என்று சொன்னாள்.

“விக்க முடியாதா?”

“வித்தா பணக்காரங்க வாங்கிக் குவிச்சிருவாங்கள்ல, அதான். ஓட்டுப் போட மட்டுந்தான்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் மனைவி பூங்கொடி கேட்டது ஒன்றே ஒன்று: “ஓட்ட ஒலையில போட முடியுமா?”

பூங்கொடி மண்டபத்தூர்க்காரி. மீன் பிரிப்பதில் அவள் கை வேகத்துக்குத் துறைமுகத்தில் ஆள் இல்லை என்று பெயர். அந்தக் கைதான் இப்போது கெட்டிருந்தது. இரண்டு சீசனாகச் சொறி எரித்து எரித்து, விரல்களில் தோல் உரிந்து, வெடித்து, மறுபடி உரிந்து, கரண்டி பிடிக்கத் துணி சுற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வியாபாரி அவள் கூடையைக் குறைத்துவிட்டார். பணம் எடுக்கப் போனால் கைரேகை மெஷின் அவளை யாரென்றே தெரியாது என்றது. இடது கை, வலது கை, கட்டை விரல், ஆள்காட்டி விரல் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு மெஷின்காரர், “அக்கா, ஒங்க ரேகையே இல்ல” என்றார். தன் பணத்தைத் தன் கையால் எடுக்க முடியாமல் திரும்பி வந்தாள்.

பாரதிப்ரியாவின் அடுத்த ஆராய்ச்சி இந்தக் கைகளுக்காகத்தான். சொறி பட்டதும் கழுவ ஒரு மருந்துத் தண்ணீர் தயாரித்திருந்தார்கள். மீன் பிரிக்கும் முப்பது பெண்களிடம் ஒரு சீசன் முழுக்கக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வைத்தியர்கள் குழு அனுமதி கொடுத்தாயிற்று, பெண்கள் சம்மதம் சொல்லியாயிற்று. முதல் பெயர் பூங்கொடி. மிச்சம் இருந்தது கடல் பிரிவு ஓட்டுப் போட்டுப் பணத்தை விடுவிப்பதுதான். விடுவிக்காவிட்டால் அந்தப் பணம் பெரிய பெட்டிக்குத் திரும்பிப் போகும். அங்கே மனித ஆயுளை நூற்றைம்பது வருஷம் ஆக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள்.

“நூத்தம்பதா?” என்றான் கருப்பையன். “அம்புட்டு வருஷமும் கூடை தூக்கணுமா?”

ஓட்டுக்கு ஒரு வாரம் கெடு. வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணியோடு முடியும். மொத்த ஓட்டில் பாதியாவது விழ வேண்டும். விழாவிட்டால் சபை கூடவில்லை என்று கணக்கு. தீர்மானம் கொண்டுவந்தவளே வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதி. பாரதிப்ரியாவும் கேட்கவில்லை. கருப்பையண்ணன் போடாமலா இருப்பார் என்று நிம்மதியாக இருந்தாள்.

இனி நடந்ததற்குக் கருப்பையனைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். ஆனால் அவன் ஊரையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அவன் ஊரில் ஒரு கட்டு, ஊர்க் கட்டுப்பாடு, உண்டு. வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு வரி. மாரியம்மன் திருவிழாவோ வலைத் தகராறோ, எதுவானாலும் பஞ்சாயத்தார் மணலில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். வரி கட்டியவன் பேசலாம். பாக்கிக்காரன் வரலாம், உட்காரலாம், வெற்றிலை போடலாம்; வாய் திறக்கக் கூடாது. மூன்று வருஷம் முன்பு ஒரு நங்கூரக் கயிற்றை அறுத்தது யார் என்று பெரிய பஞ்சாயத்து. பார்த்த ஒரே ஆள் கருப்பையன். நெஞ்சை நிமிர்த்தி எழுந்து, “நான் என் கண்ணால பாத்தேன்” என்று ஆரம்பித்தான். பின்னாலிருந்து ஒரு குரல், “மொதல்ல வரியப் பாரு” என்றது. மணல் முழுக்கச் சிரித்தது. உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகு வரியைக் கட்டிவிட்டான். ஆனாலும் சபையில் இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறான்.

அப்படிப்பட்டவன் பெயருக்கு எதிரே, உலகமே பார்க்கும்படி, நிலுவை 9,870 என்று எழுதித் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அதே சபையில் போய் ‘ஆம்’ என்று விரலை வைப்பதா? எத்தனை நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்! பின்னாலிருந்து ஒருவன் ஜெர்மன் பாஷையில் ‘மொதல்ல போன் பாக்கியப் பாரு’ என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஆகவே கருப்பையன் கௌரவமாக இருந்தான். போன் ஒவ்வொரு நாளும் கிணுகிணு என்று நினைவூட்டியது. ‘வாக்களிக்க இன்னும் மூன்று நாள்.’ எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். ‘இன்னும் ஒரு நாள்.’ கவிழ்த்து வைத்தான். காரைக்கால் கரையில் முறை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று வெளிநாட்டுக்காரர்கள் இந்நேரம் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டான்.

அது மீன்பிடித் தடைக்காலம். கூடை இல்லாததால் கரையேற்றிய படகுகளின் அடிப்பகுதியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் கூலிக்குப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம், படகுக்கடியில் மல்லாந்து கிடக்கும்போது பாரதிப்ரியா அழைத்தாள்.

“அண்ணா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தாம்மா இருக்கேன்.”

“போன் வேலை செய்யலியா?”

“அருமையா வேலை செய்யுது.”

“அப்ப ஏண்ணா ஓட்டுப் போடல?”

கருப்பையன் படகுக்கடியிலிருந்து வெளியே வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டான். படுத்துக்கொண்டு சொல்லும் பதில் இல்லை அது. “பாக்கி இருக்குல்லம்மா. பாக்கிய வெச்சுக்கிட்டு சபையில வாயத் தொறக்குறது முறையா?”

மறுமுனையில் சத்தமே இல்லை. மெச்சிப்போய் வாயடைத்து நிற்கிறாள் என்று கருப்பையன் நினைத்தான்.

“தோத்துட்டோம்ணா” என்றாள்.

“யாரு?”

“நாமதான். பாதி ஓட்டு விழல, சபை கூடலன்னு தள்ளிருச்சு. ஒங்க ஓட்டு விழுந்திருந்தா கூடியிருக்கும். எதுத்து ஓட்டுப் போட்டவங்க மொத்தமே நாலு பேருண்ணா. நாலே பேரு.”

“பாக்கிக்காரன் ஓட்டு செல்லுமாம்மா?”

“செல்லும்ணா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது போன் கணக்கு, இது ஓட்டு.”

கடனுக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லாத ஒரு சபையைக் கருப்பையன் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. கையில் சுரண்டுகோலோடு நின்றான். சிப்பியின் வாடை முகத்தில் வந்து மோதியது.

வீட்டில் பூங்கொடி விரல்களில் துணி சுற்றிக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும் வரை கிளறினாள். பிறகு கரண்டியை வைத்தாள்.

“பாக்கி இருந்தா வாயத் தொறக்க மாட்டீங்க.”

“முறை இல்ல.”

“மளிகைக் கடையில பாக்கி. அங்க போயி, இன்னும் அரைக் கிலோ போடுங்கன்னு கேக்குதே, அது யாரு வாயி?”

கடை என்பது சபை இல்லை என்று கருப்பையன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கரண்டி பேசியிருக்கும்.

“நீங்க சீசா சீசாவாப் பொறுக்குனது எந்தக் கையில கொட்டுன சொறி?” என்றாள். “நான் பிச்சுப் போட்டது. அந்த ஓட்ட வெச்சு இந்தக் கைக்கு ஒரு சொட்டு மருந்து வாங்கித் தர முடியல. கௌரவமாம்.” சத்தம் போடவில்லை. துணியைப் பிரித்து, உரிந்த கட்டை விரலைப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்றிக்கொண்டாள். சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் கருப்பையன் ஒரு முடிவோடு இக்பாலிடம் போனான். கடனை ஒரே அடியாக அடைத்துவிடுவது. பிறகு தலை நிமிர்ந்து சபையில் பேசுவது.

“கடன அடைக்கக் கடன் கேக்குற” என்றார் இக்பால்.

“ஆமா பாய்.”

“அல்லாவே, இவனுக்குக் கொஞ்சம் புத்தியையும் சேத்துக் கடனாக் குடு” என்று சொல்லிக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். கருப்பையன் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் செருகி, பாரதிப்ரியாவின் வாடகை அறைக்குப் போய் மேசை மேல் வைத்தான். அவள் பாம்பைப் பார்த்த மாதிரி பின்னால் நகர்ந்தாள்.

“நான் வாங்குனா திருட்டுண்ணா.”

“பெட்டியில போட்டுரும்மா.”

“பெட்டி ரூபா வாங்காது. ரூபாய அவங்க நாணயமா மாத்தணும். அதுக்கு ஒங்க பேருல கணக்குத் தொறக்கணும். பான் கார்டு இருக்கா?”

“ஆதார் இருக்கு.”

“பத்தாதுண்ணா.”

கொடுக்க ஆள் இல்லாத கடனைக் கருப்பையன் பார்த்திருக்கிறான். அவனே எத்தனையோ தடவை அந்த ஆளாக இருந்திருக்கிறான். வாங்க ஆள் இல்லாத கடனை அன்றைக்குத்தான் பார்த்தான். ஒன்று, சங்கம் தருகிற கூலியில் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சபையே ஓட்டுப் போட்டுத் தள்ளுபடி செய்ய வேண்டும். வேறு வழி இல்லை என்றாள் பாரதிப்ரியா. பணத்தைத் திருப்பிக் கொண்டுபோய் இக்பாலிடம் கொடுத்தான்.

“அதுக்குள்ளயா? எங்க மார்க்கத்துல வட்டி கூடாது” என்றார் இக்பால். “அதனால ஒரு டீ சொல்லு.”

தோற்ற தீர்மானத்தை ஒரே ஒரு தடவை மறுபடி கொண்டுவரலாம் என்பது விதி. பாரதிப்ரியா கொண்டுவந்தாள். அண்ணனுக்கு உறுத்தல் வேண்டாம் என்று, கூடவே இரண்டாவதாக ஒரு தீர்மானம்: கருப்பையனின் போன் பாக்கியைத் தள்ளுபடி செய்வது. இரண்டுக்கும் ஒரே சீட்டு, ஒரே கெடு. நல்ல மனசோடு செய்தாள். அதில்தான் கருப்பையன் மறுபடி விழுந்தான்.

அவன் ஊர்ப் பஞ்சாயத்தில் இன்னொரு கட்டும் உண்டு. ஒருவனுடைய சொந்த விஷயம் பேச்சுக்கு வந்தால் அவன் எழுந்து போய்விட வேண்டும். எட்ட நின்று பீடி பிடிக்கலாம். கூப்பிட்ட பிறகுதான் வர வேண்டும். தன் கடனைத் தள்ளத் தானே கை தூக்குவதா? சீச்சீ. கருப்பையன் போனை அணைத்தான், துண்டில் சுற்றினான், பரண் மேல் போட்டான். போலகத்தில் ஒருவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள் என்று கிளம்பிவிட்டான். கூப்பிடும் தூரத்துக்கு அப்பால் போய்விடுவதுதான் முழு மரியாதை.

கெடு முடிகிற அன்றைக்குக் காலையில், ஏணி மேல் நின்றவன் கீழே பார்த்தான். பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். கையில் துண்டு, துண்டுக்குள் போன். பக்கத்தில் இக்பாலின் ஐஸ் வண்டி.

“எறங்குங்க.”

“வேல நேரத்துல…”

“எறங்குங்கங்கிறேன்ல.”

இறங்கினான். விஷயத்தை இக்பால் சொன்னார்: “ஒன் போன் செத்துக் கெடக்குன்னு அந்தப் புள்ள எனக்குப் போட்டுச்சு. எதுக்குப் போடணும்னுதான் அது சொல்லக் கூடாதாம், போடச் சொல்லலாமாம். இன்னிக்கும் பாதி விழல கருப்பு. ஒன்ன நம்பித்தான் அம்புட்டு நாடும் ஒக்காந்திருக்கு. நீ இங்க சுண்ணாம்பு அடிக்கிற.”

“என் விஷயம் பேசுறாங்க பாய். நான் எப்புடி அங்க நிக்கிறது?”

“நீங்க நிக்க வேணாம்” என்றாள் பூங்கொடி. “ஓட்ட இன்னொருத்தரு கையில ஒப்படைக்கலாமாம், அதுக்கு வழி இருக்காம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு. எங்கையில ஒப்படைங்க.”

“பொம்பளைங்க சபையில…”

“நம்மூரு மணல்ல ஒக்காரக் கூடாது. ஒத்துக்கறேன். இது ஆகாசத்துல கெடக்குற சபை. இதுல பொம்பள கூடாதுன்னு எந்தப் பஞ்சாயத்தாரு வந்து சொன்னாரு?”

கருப்பையன் மனசுக்குள் எல்லாக் கட்டுகளையும் புரட்டிப் பார்த்தான். இதற்கு ஒரு கட்டு இல்லை. சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை உயிர்ப்பித்தான். பாரதிப்ரியா அந்தப் பக்கம் இருந்து சொல்லச் சொல்ல, இக்பால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அமுக்க, சொறிப் பண்ணையாரின் சொத்து முழுவதும் ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் வைத்து மனைவி பெயருக்கு மாறியது. பத்திரச் செலவு இல்லை.

“மொதத் தீர்மானம்” என்று கருப்பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். “கை கழுவும் மருந்து. ஆம். இல்லை.”

“ஆம் எங்க இருக்கு?”

காட்டினான். உரிந்த விரலைப் போன் மதிக்கவில்லை. இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி, முட்டியால் ஒரு குட்டு வைத்தாள். விழுந்தது.

“ரெண்டாவது. கருப்பையன்…” தன் பெயரைப் படிக்கும்போது குரல் தானாகத் தணிந்தது. “போன் பாக்கி தள்ளுபடி. ஆம். இல்லை. ஆம் இந்தப் பக்கம்.”

“இல்ல எந்தப் பக்கம்?”

“ஏன்?”

“எந்தப் பக்கம்னு கேட்டேன்.”

அவன் காட்டுவதற்குள் இக்பால் காட்டிவிட்டார். பூங்கொடி அதிலும் ஒரு குட்டு வைத்தாள்.

“அடிப்பாவி” என்றான் கருப்பையன்.

“தள்ளுபடின்னு எழுதுனா அதுவும் அழியாதுல்ல? கருப்பையன் வாங்குனான், குடுக்கலன்னு ஒலகம் இருக்குற மட்டும் கெடக்கும். கழிச்சுக்கட்டும்.” பிறகு போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு, பேசி அனுப்பலாம்னு சொல்லுச்சே, எதுல பேசணும்?” என்றாள்.

சபைக்கு அவள் பேசி அனுப்பியது, பாரதிப்ரியா இங்கிலீஷில் எழுதிப் போட்டு, இன்னும் அந்த ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது: “வணக்கமுங்க. நான் பூங்கொடி, கருப்பையன் சம்சாரம். அவரு பாக்கியத் தள்ளுபடி பண்ணாதீங்க. சோம்பேறியாப் போயிருவாரு. மருந்து குடுத்துப் பாக்க, பொம்பளைங்களக் கூட்டி ஒக்கார வைக்க, கையப் படம் புடிக்க ஒரு ஆள் வேணும்னு போட்டிருக்கீங்களாம். அந்த வேலைய எனக்குக் குடுங்க. என் கையால இப்ப மீன் பிரிக்க முடியல, வாயி நல்லா இருக்கு. சம்பளத்துல பாக்கியக் கழிச்சுக்குங்க.”

மருந்துத் தீர்மானம் ஜெயித்தது. தள்ளுபடி தோற்றது. கெடு முடியும் வரை போட்ட ஓட்டை மாற்றிக்கொள்ளலாமாம். அத்தனை நாட்டுக்காரர்களும், முகம் தெரியாத ஒரு பெண் சொன்னாள் என்று, கருப்பையனுக்கு எதிராகக் குத்தித் தள்ளிவிட்டார்கள்.

வேலை தனக்குத்தான் வரும் என்று கருப்பையன் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தான். அது பூங்கொடிக்குப் போனது. மாதம் ஆறாயிரம், அதில் மூவாயிரம் பாக்கிக்குக் கழிவு. வேலை பார்க்கிறவர் மருந்துச் சோதனையில் சேரக் கூடாது என்பதால் முப்பது பேரில் அவள் பெயருக்குப் பதில் வேறொருத்தி வந்தாள். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கியதும் அவள் காலையில் ஏலக் கூடத்து நிழலில் உட்கார்ந்து, “ஏ, கழுவிட்டியா? காட்டு. இந்தப் பக்கம் திருப்பு” என்று அதட்டிக்கொண்டிருந்தாள். சீசாப் பெட்டிகளைத் தலையில் தூக்கி வந்து இறக்கியது கருப்பையன். பாதி சீசாவில் மருந்து, பாதியில் வெறும் தண்ணீராம். எது எது என்று பூங்கொடிக்கும் தெரியாது, பாரதிப்ரியாவுக்கும் தெரியாது. எல்லாம் ஒரே கனம் என்பது கருப்பையனின் கழுத்துக்குத் தெரியும். அறிவியலில் அவன் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

மருந்து கேட்குமா என்பதற்கு இன்னும் ஒரு சீசன் பார்க்க வேண்டுமாம். ஆனால் பூங்கொடியின் கை ஆறத் தொடங்கியது. மருந்தால் இல்லை. வலையில் கை வைக்காமல் இருந்ததால். பாரதிப்ரியா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கணக்குல சேராதுக்கா” என்றாள்.

“நீ சேக்காட்டிப் போ” என்றாள் பூங்கொடி.

நாலாவது மாதம் கழிய வேண்டியிருந்தது எண்ணூற்று எழுபதுதான். சம்பளம் வந்த அன்றைக்கு இருவரும் கைரேகை மெஷின்காரரிடம் போனார்கள். பூங்கொடி விரலைச் சேலையில் துடைத்து வைத்தாள். மெஷின் யோசித்தது. மறுபடி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மெஷின்காரர் நிமிர்ந்து பார்த்து, “அக்கா, ரேகை வந்துருச்சு” என்றார், ஊருக்குப் போயிருந்த ஆள் திரும்பியதைச் சொல்கிற மாதிரி.

வெளியே வந்து, இக்பாலின் ஐஸ் பெட்டி பக்கத்தில் நின்று, கருப்பையன் போனைக் கேட்டு வாங்கினான். போன் இப்போது அவளிடம்தான் இருந்தது. “பாக்கி முடிஞ்சிருக்கும்ல. இனிமே நானே சபையில பேசலாம். ஓட்ட எம்பேருக்கு மாத்து.”

“எதுக்கு? நல்லாத்தானே நடக்குது” என்றாள் பூங்கொடி. “முடிஞ்சிருச்சான்னு மொதல்ல வாசிங்க.”

கருப்பையன் வெயிலுக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினான். “கருப்பையன். போன்… முன்பணம். நிலுவை…” அங்கே நிறுத்திக் கண்ணைக் கசக்கிக்கொண்டான். “சைபர்.”

“இன்னொரு தடவ வாசிங்க” என்றாள்.

இந்தத் தடவை இக்பாலுக்கும், மெஷின் வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான்.